கால் ஊனாமல் ஒரு எட்டு

சிரிப்பதற்கு ஒரு சங்கமாம். அதற்கு ஒரு தலைவர், ஒரு செயலாளர், எல்லாருக்கும் பச்சைப் பனியன். சென்னியப்பன் மஞ்சள் கோட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த நேரத்தில் பூங்காவின் வேப்பமரத்தடியில் அவர்கள் கையை வானத்துக்குத் தூக்கி ஹோ ஹோ, ஹா ஹா என்று தொடங்கிவிட்டார்கள். விடிந்ததும் விடியாததுமாக வாயைப் பிளந்து சிரிக்கிற அளவுக்கு இந்த ஊரில் என்ன அதிசயம் நடந்துவிட்டது என்று அவருக்குத் தெரியவில்லை. பல் போனவனெல்லாம் முன்வரிசையில் நிற்கிறான். ஆனாலும் இன்றைக்கு அவருக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது, அதுதான் கடிகாரம். அவர்கள் சிரித்து முடிக்கும் வரைக்கும் தடி இல்லாமல் எட்டு நடந்து காட்ட வேண்டும். காட்டிவிட்டால் கோகிலா வாயை மூடிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போய்விடுவாள், அவர் தன் வீட்டில் தன் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு தன் பாட்டுக்கு இருப்பார். கால் ஊனினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் போய் அந்த ஒன்பதாவது மாடிப் புறாக்கூண்டில் அடைய வேண்டியதுதான். இதை யாரும் அவர் தலையில் கட்டவில்லை. நேற்றுச் சாயங்காலம் மகள் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தபோது அவரேதான் சொன்னார்: "இத பாரு கோகிலா, சும்மா நொய்நொய்யுன்னு அனத்தாத. நாளைக்குக் காலைல பூங்காவுக்கு வா. அந்தச் சிரிக்கற கூட்டம் கலையற வரைக்கும் தடி இல்லாம எட்டுப் போட்டுக் காட்டறேன். கால் ஊனுனேன்னு வெச்சுக்க, நீ சொன்னபடி உங்கூட வந்தர்றேன்." அவள், "உழுகாம நடந்தீங்கன்னா போதுங்கப்பா" என்றாள். விழாமல் நடப்பதாம். அதை ஆடு மாடுகூடச் செய்கிறது, அதற்கு எதற்கு ஒரு டெஸ்ட். அவர் சொன்னது ஊனுவதைப் பற்றி. அந்த வித்தியாசம் அவளுக்கு என்றைக்குமே விளங்கியதில்லை. இப்போது சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்தில் அவள் வாங்கி வந்த நாலு கால் தடி, அடியில் நாலு ரப்பர் குமிழோடு. அதற்கு அவர் சைடு ஸ்டாண்டு என்று பேர் வைத்திருந்தார். நிறுத்திப் போட்ட வண்டிக்குத்தான் சைடு ஸ்டாண்டு, ஓடுகிற வண்டிக்கு அது எதற்கு என்று அவளிடம் கேட்டும்விட்டார்.

ஊனுவது என்றால் என்னவென்று அந்தக் காலத்து லைசென்சுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆபீசுப் பலகையில் அவர் மோட்டார் வாகன ஆய்வாளர், ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் ஒரு எட்டு போட்டிருக்கும். இரண்டு சக்கர வண்டிக்கு லைசென்சு கேட்கிறவன் அந்த எட்டுக்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். வளைவில் வண்டி சாயும். சாய்ந்தால் என்ன, சாய்வதுதான் வண்டி, சாய்வுக்கு உடம்பைக் கொடுத்து நிமிர்த்தத் தெரிந்தவன்தான் ஓட்டுகிறவன். பயந்தாங்கொள்ளி காலைத் தூக்கித் தரையில் வைப்பான். வைத்தால் முடிந்தது கதை. சென்னியப்பன் புங்கமரத்து நிழலில் நாற்காலி போட்டிருப்பார், வந்தவன் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையைப் பார்க்க மாட்டார், காலை மட்டும்தான் பார்ப்பார். "சார், லேசாத்தானுங்க பட்டுது." எல்லாரும் இதையேதான் சொன்னார்கள், ஒரு வார்த்தை மாறாமல். ஜவுளிக்கடைக்காரன் சொன்னான், வாத்தியார் சொன்னான், புது வண்டியைச் சீதனமாக வாங்கிக்கொண்டு ஓட்டத் தெரியாமல் வந்த மாப்பிள்ளை சொன்னான். கேட்காமலே சொல்வார்கள், அதுதான் வேடிக்கை. சில சமயம் அவர் பார்த்தே இருக்க மாட்டார். கண்ணில் தூசி விழுந்து கர்சீப்பால் ஒற்றிக்கொண்டிருப்பார். வண்டியை நிறுத்தினதும் நிறுத்தாததுமாக அவனே ஓடி வந்து, பல்லைக் காட்டி, லேசாத்தானுங்க பட்டுது என்பான். பேசாமல் நின்றிருந்தால் பாஸ். மனுசப் பயலுக்குப் பேசாமல் நிற்கத் தெரியாது. ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்து அவர் அந்தக் குழைவை நடித்துக் காட்டுவார், கூனிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு, லேசாத்தானுங்க. பெண்டாட்டி லோகாம்பாள் சோறு புரையேறச் சிரிப்பாள், சின்னப் பிள்ளை கோகிலா இன்னொருக்காப்பா, இன்னொருக்காப்பா என்பாள். பிறகு அவர் நிமிர்ந்து, இன்ஸ்பெக்டர் குரலில் முடித்து வைப்பார். "பட்டா பட்டதுதான். போயி நல்லாப் பழகிட்டு வா."

அந்த எட்டு கடைசியில் எங்கே வந்து கிடக்கிறது பார் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்வதற்குத் தகுதியான ஆள்தான் இல்லை. எட்டு மாதிரி நடந்தால் சர்க்கரை இறங்கும், மூட்டுவலி ஓடிப்போகும் என்று எவனோ செல்போனில் அனுப்பிவிட, நடைச் சங்கத்துக்காரர்கள் பெயிண்டு டப்பாவோடு வந்து சிமெண்டுத் தரையில் மஞ்சளாக ஒன்றை இழுத்துவிட்டார்கள். ஒழுங்கான எட்டா அது. ஒரு வயிறு பெருத்து, ஒரு வயிறு ஒட்டி, நடுவில் இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பெயிண்டு சிந்தி. அதற்குள் தினம் காலையில் ஊர்க் கிழடுகள் அத்தனையும். சித்திரை மாதத்தில் தலையில் மங்கி குல்லா, காலில் பேரன் கழித்துப் போட்ட ஷூ. ஒருத்தன் நடந்துகொண்டே வேப்பங்குச்சியில் பல் விளக்குகிறான். இவர்களில் ஒருத்தனுக்கும் அவர் கையெழுத்துப் போட மாட்டார். அந்த இரும்புக்கடை திருமூர்த்தி இருக்கிறானே, அவன் சங்கதியே தனி. நடந்தால் பேச மாட்டான், பேசினால் நடக்க மாட்டான். யாராவது என்னங்க என்றால் போதும், நின்றுவிடுவான், நின்று, திரும்பி, பேசி முடித்து, பிறகு எந்தக் காலை முதலில் எடுப்பது என்று யோசித்து ஒருவழியாகக் கிளம்புவான். பின்னால் வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சென்னியப்பன் அப்படி இல்லை. யார் என்ன கேட்டாலும் நிற்க மாட்டார், பதிலும் சொல்ல மாட்டார், நேரே பார்த்துக்கொண்டு போய்விடுவார். இன்ஸ்பெக்டருக்கு இன்னும் கெத்துக் குறையலை பாரு என்று பின்னால் பேசுவது காதில் விழும். பேசட்டும். வாயைத் திறந்தால் கால் தன் இஷ்டத்துக்குப் போய்விடுகிறது என்பதை இவர்களுக்கு எதற்காகச் சொல்ல வேண்டும். ஒருநாள் மணி என்னாச்சுங்க என்று ஒருத்தன் கேட்க, கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லப் போனவர் கோட்டைத் தாண்டிச் செம்பருத்திச் செடிக்குள் போய் நின்றார். செடியைப் பார்ப்பதற்காகவே வந்தவர் போல ஒரு இலையைக் கிள்ளி மோந்துவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு மூடிய வாய். அதைக் கெத்து என்று நினைக்கிற முட்டாள்கள் உள்ளவரைக்கும் அவருக்குக் கவலை இல்லை.

பெரிய வயிற்றைச் சுற்றி வரும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சர்ரக். சர்ரக். பின்னால் யாரோ காலைத் தூக்காமல் தேய்த்துக்கொண்டு வருகிறார்கள். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலைத் தூக்கி வைக்க மாட்டாத சவத்துக்கு என்ன நடை வேண்டிக் கிடக்கிறது, வீட்டில் கட்டிலில் கிடந்து தொலைக்கலாமே, செருப்புக் கடைக்காரனைத் தவிர எவனுக்கு இதனால் லாபம். திரும்பிப் பார்த்து முறைத்தால் அடங்கும். ஆனால் நடக்கும்போது கழுத்தைத் திருப்புவதில்லை என்று இப்போதெல்லாம் ஒரு ஏற்பாடு. திருப்பினால் மரமும் பெஞ்சும் ஒரு விநாடி தாமதித்துத்தான் வந்து சேர்கின்றன. அவர் கொஞ்சம் எட்டி வைத்தார். அந்த ஆளும் எட்டி வைத்தான். சர்ரக்சர்ரக். சிரிப்புக் கூட்டம் கையைத் தட்டிக்கொண்டு அடுத்த வகைச் சிரிப்புக்குப் போனது, ஏதோ சிங்கச் சிரிப்பாம், நாக்கைத் தொங்கப் போட்டுக் கண்ணை உருட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளைகள் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும். வளைவு வரட்டும் என்று காத்திருந்தார். வளைவில் உடம்பே திரும்புகிறது, கழுத்துக்கு வேலை இல்லை, பின்னால் வருகிறவன் கடைக்கண்ணில் தானாகத் தெரிவான். வளைவு வந்தது. கடைக்கண்ணில் மஞ்சள் கோடு இருந்தது, அதன்மேல் ஒரு வேப்பம்பூ இருந்தது, ஆள் இல்லை. சர்ரக். அவருடைய இடது ஷூ. சர்வீசில் போட்ட அதே பிரவுன் ஷூ, நேற்றுத்தான் பாலீஷ் போட்டது. இந்தக் காலை யார் அவரிடம் வந்து மாட்டிவிட்டுப் போனது. மைதானத்தில் அவர் நடந்து வந்தால் வரிசையில் நிற்கிறவன் பீடியைக் கீழே போடுவான், அந்தச் சத்தத்துக்கு அப்படி ஒரு மரியாதை, குதிகால் விழுவது தனியாகக் கேட்கும், டக், டக். அவர் முட்டியை மடக்கி இடது காலைத் தூக்கி வைத்துப் பார்த்தார். தூக்கினால் சத்தம் இல்லை, ஆனால் தூக்கின விநாடியில் மற்ற கால் தனியாக நின்று கிடுகிடுக்கிறது. தேய்த்தால் அவமானம், தூக்கினால் ஆபத்து. எது என்று முடிவு பண்ணுவதற்குள் கால் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

பயமா என்றால் பயம்தான், அதில் மறைக்க ஒன்றும் இல்லை, அதாவது தனக்குத்தானே மறைக்க. மற்றவர்களுக்கு அவர் விழுந்ததே இல்லை. கல்யாண மண்டபத்தில் நடந்தது விழுந்ததில் சேராது. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை இழுத்து மாட்டினார், அவ்வளவுதான், அடுத்த விநாடி அத்தனை பேர் செருப்பு மேலேயும் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தேன் என்றுதான் இன்றுவரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார், சமையல்காரர் என்று ஒரு கும்பலே ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் தூக்கியது. அய்யோ பாத்துங்க, பெரியவருங்க, சோடா கொண்டாங்க. அவருக்குச் சோடா. அந்தத் தூக்கின கைகளில் ஒன்றாவது ஒருகாலத்தில் வண்டி பிடித்து வந்து அவர்முன் நடுங்கின கையாக இருக்கும். அந்தச் சேதிதான் கோகிலாவுக்குப் போனது. போகாத சேதி இன்னொன்று இருக்கிறது. அது வீட்டுக்குள், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில், பேண்டு போடும்போது. ஒரு கால் உள்ளே போய்விட்டது, இன்னொரு காலைத் தூக்கினார், பிறகு கூரையில் மின்விசிறி தெரிந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தார். அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, அந்த வாடை வீடெல்லாம் வருகிற வரைக்கும் அரைப் பேண்டோடு தரையில் கிடந்தார். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருக்கலாம். சென்னியப்பனைக் காப்பாத்துங்க என்று எந்தக் குரலில் கூப்பிடுவது, அப்படி ஒரு குரல் அவரிடம் இல்லை. புரண்டு, தவழ்ந்து, கட்டில் காலைப் பிடித்து எழுந்தார். அன்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்துதான் பேண்டு. வெளியே போகாத நாளில் வேட்டி, வேட்டிக்குக் காலைத் தூக்க வேண்டாம், இந்த உண்மையை இத்தனை வயசுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தார். முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது ஒரு கை குழாயைப் பிடித்திருக்கும். கண்ணை மூடினால் தரை எந்தப் பக்கம் என்று உடம்புக்கு மறந்துவிடுகிறது. இப்படி ஒரு உடம்பை யாராவது அவர்முன் ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் ரோட்டில் ஓடத் தகுதி என்று எஃப்.சி. கொடுத்திருக்க மாட்டார்.

காதுக்குள்ளே ரசமட்டம் இருக்கிறதாம். கோகிலா ஏற்பாடு பண்ணி அனுப்பின பிசியோதெரபிப் பெண் சொன்னது. அபிநயா என்று பேர், கல்லூரியிலிருந்து நேராக இறங்கி வந்த மாதிரி ஒரு முகம், தோளில் ஒரு பை. கொத்தனார் வெச்சிருப்பாருல்லங்க தாத்தா, அந்த மாதிரி காதுக்குள்ள தண்ணி ஆடும், வயசானா அது லேட்டாத் தகவல் சொல்லும். தாத்தா. சார் என்று கூப்பிடப் பழகாத வாய். ஹாலில் தரையில் சாக்பீசால் ஒரு கோடு இழுத்து, குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வைத்து நடக்கச் சொன்னது. அவர் தரையில் சாக்பீசுக் கோட்டைப் பார்த்தார். யார் யாருக்குக் கோடு போடுவது என்று ஒரு முறை இல்லையா. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னது, கொக்கு மாதிரிங்க தாத்தா என்று. நின்றார். பிடித்த கை வெளுத்துப்போனது அதன் கண்ணில் பட்டிருக்கும். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடைசியில் அது சொன்னதுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. "தாத்தா, நீங்க சாயறப்ப ஒடம்ப வெறப்பா வெச்சுச் சமாளிக்கப் பாக்கறீங்க. அது தப்புங்க. சாயறப்ப டக்குன்னு கால எடுத்து வெளிய ஊனிரணும். ஊனுனாத்தான் உழுக மாட்டீங்க." கோகிலாவும் தலையை ஆட்டினாள், அப்படிச் சொல்லுங்க என்று. அவருக்குச் சிரிப்பு வந்தது, அந்தச் சங்கத்துக்காரர்கள் சிரிப்பு மாதிரி இல்லாமல் உண்மையான சிரிப்பு. ஊனினால் விழ மாட்டோம் என்பது அவருக்குத் தெரியாதா. மைதானத்தில் ஊனினவன் எவனாவது விழுந்தானா. விழவில்லை, ஃபெயில் ஆனான். அதைத்தானே சொல்கிறோம். இந்தப் பெண்ணுக்கு ஸ்கூட்டர் லைசென்சு எந்தப் புண்ணியவான் கொடுத்தானோ என்று நினைத்துக்கொண்டார்.

பெஞ்சுக்கு நேராக வந்தார். கழுத்தைத் திருப்பாமல், கண்ணை மட்டும் ஓட்டினார். கோகிலா செல்போனில் இருந்தாள். இவளும் ஒரு இன்ஸ்பெக்டர். டெஸ்டுக்கு ஆளை இறக்கிவிட்டுப் போனை நோண்டுகிற இன்ஸ்பெக்டர். முடி முன்னால் நரைத்திருக்கிறது, சாயம் போட நேரமில்லை போல, வங்கி வேலை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, இதற்கு நடுவில் அப்பனைப் பார்க்க லீவு. யார் லீவு போடச் சொன்னது. அவளுக்கு இரண்டு சக்கரம் வரவே இல்லை. சைக்கிள் பழக்க ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குத்தான் கூட்டிப் போனார், சுண்ணாம்பு எட்டு மிச்சம் இருந்தது, அதுக்குள்ளேயே ஓட்டு என்றார். வளைவில் சைக்கிள் சாய்ந்தது. காலை எடுத்தாள். "ஊனாத! ஊனாதங்கறேன்ல!" என்று அவர் போட்ட சத்தத்தில் எடுத்த காலை அப்படியே மறுபடி பெடலில் வைத்துக்கொண்டு, சைக்கிளோடு சேர்ந்து, ஒரு பலகை சாய்கிற மாதிரி விழுந்தாள். அவருக்கு முதலில் ஒரு சந்தோஷம்கூட வந்தது, பிள்ளை ஊனவில்லை. பிறகுதான் முட்டியைப் பார்த்தார். லோகாம்பாள் வந்து, "புள்ளைக்கு சைக்கிளுப் பழக்கக் கூட்டியாந்தீங்களா, லைசென்சு குடுக்கக் கூட்டியாந்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே போனாள், அவர் வண்டியில் ஏறவில்லை. அதுவும் ஒரு நடைதான். இடுப்பில் வளர்ந்த பிள்ளை, கையில் செருப்பு, முதுகு அசையாமல். லோகாம்பாள் எதிலும் விழுந்ததில்லை, போகிறபோதுகூடப் படுத்துக்கொண்டுதான் போனாள். இப்போது இருந்தால் இந்த எட்டுக்கெல்லாம் அவள் விட்டிருக்க மாட்டாள். ஊனுங்க, என்ன கெட்டுப்போச்சு என்றிருப்பாள். பிறகு ஏதாவது திட்டியிருப்பாள். அவள் திட்டாத வீட்டில் தனியாக இருப்பதற்கா இவ்வளவு பாடு என்று ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் அவர் அதை விரட்டினார். வீடு அவர் வீடு. முன்னறையில் அவர் ஸ்கூட்டர் சாக்குப் போர்த்தி நிற்கிறது. அந்த ஒன்பதாவது மாடியில் ஸ்கூட்டரை எங்கே நிறுத்துவது, ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஆள் ஜட்டி காய்கிறது, கீழே இறங்க லிப்டு என்று ஒரு தகரப் பெட்டி, அதுவும் அவர் போயிருந்தபோது வாரத்தில் பாதி நாள் வாயைப் பிளந்து நின்றது. அதற்குள் அடைந்து, மருமகன் சாப்டீங்களா மாமா என்று கேட்கிற போதெல்லாம் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும். மாட்டேன். கால் தேயட்டும், காது தண்ணீர் தாமதிக்கட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான், மாட்டேன்.

வேப்பமரத்தடியில் சத்தம் திடீரென்று நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தார். முடியவில்லை. கடைசி வகை இது, மௌனச் சிரிப்பு, செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். அத்தனை பேரும் வாயைத் திறந்து, பல்லைக் காட்டி, தோளைக் குலுக்கி, சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாய்கள் எல்லாம் எட்டைப் பார்த்திருந்தன. அவரைப் பார்த்து இல்லை, அவர்கள் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள், தெரியும், இருந்தாலும் முதுகு கூசியது. கூட்டல் குறி மாதிரி இரண்டு கோடும் வெட்டுகிற இடம் வந்துகொண்டிருந்தது. அதைத் தாண்டி ஒரு வளைவு, அதோடு சரி. எதிர் வயிற்றிலிருந்து திருமூர்த்தி வந்துகொண்டிருந்தான். அவன் தாண்டட்டும் என்று நடையைக் கொஞ்சம் குறைக்கப் பார்த்தார், குறைத்தால் உடம்பு முன்னுக்கு வழிகிறது, வேகமும் கூடாது, மெதுவும் கூடாது, எந்தக் கியரில்தான் ஓட்டுவது இதை. திருமூர்த்தி சரியாக நட்ட நடுவில், பெயிண்டு சிந்தின இடத்தில் நின்றான். நின்று, திரும்பி, பல்லெல்லாம் தெரிய, "என்னங்க இன்ஸ்பெக்டர், பாப்பா வந்திருக்குதுங்களா?" என்றான். எப்போதும் போல நேரே பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பாப்பா என்ற வார்த்தைக்குக் கோகிலா தலையைத் தூக்கினதாக அவருக்கு ஒரு எண்ணம். நாலு பேர்கிட்ட நல்லா பேசறதுகூட இல்லீங்களாம் நீங்க, தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டீங்க என்று நேற்று அவள் சொன்னது அந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது. பேசுகிறேன் பார், நடந்துகொண்டே பேசுகிறேன் பார். அவன் பக்கமாகத் தலையைத் திருப்பி, "ஆமா" என்றார். அவ்வளவுதான். ஒரு ஆமா. மரங்கள் வருவதற்குத் தாமதித்தன. தரை இடது பக்கமாக மெல்ல எழுந்தது, அல்லது அவர் அதை நோக்கிப் போனார், ரசமட்டத்தில் குமிழி ஓரத்துக்கு ஓடுகிறது, உடம்பைக் கொடுத்து நிமிர்த்து, விறைத்து நில், ஊனாதே, ஊனாதங்கறேன்ல, செருப்புக் குவியல், மின்விசிறி, பால் தீய்கிற வாடை, ஒரு பலகை சாய்கிற மாதிரி பிள்ளை. சர்ரக் இல்லை, டக் என்று கேட்டது. அவர் காலுக்கு அவர் சொல்லவில்லை. அதுவே எழுந்து, அதுவே வெளியே போய், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிமெண்டில் ஊனிக்கொண்டு நின்றது. மரங்கள் வந்து சேர்ந்தன.

அவர் விழவில்லை. திருமூர்த்தி எதையும் கவனிக்காமல், "நல்லதுங்க, நல்லதுங்க" என்று சொல்லிவிட்டு, எந்தக் காலை எடுப்பதென்று யோசித்து, எடுத்து, போய்விட்டான். வேப்பமரத்தடியில் எல்லாரும் ஒன்றாகக் கையைத் தட்டி வெரி குட், வெரி குட் என்று கத்திக் கலைந்தார்கள். கோகிலா செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்கவில்லை. காலை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு, நிமிர்ந்து, பெஞ்சுக்குப் போய், பாத்தியா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, சாயங்காலம் அவள் பஸ் ஏறிவிடுவாள். பேசாமல் நின்றிருந்தால் பாஸ். சென்னியப்பன் வாயைத் திறந்தார். அவருக்கே காது கூசுகிற ஒரு குழைவான குரல் அதிலிருந்து வந்தது.

"லேசாத்தானுங்க பட்டுது."

பெற்ற மகளுக்கு ங்க போட்டு. கோகிலா நிமிர்ந்தாள். "என்னுங்கப்பா?" என்று கேட்டவள், கேட்டு முடிப்பதற்குள்ளேயே அந்தச் சொற்களை அடையாளம் கண்டுகொண்டாள், சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து இன்னொருக்காப்பா என்று கேட்ட சொற்கள் அல்லவா. அவள் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அவள் கண் கீழே இறங்கி, கோட்டுக்கு வெளியே இன்னும் அப்படியே நிற்கிற பிரவுன் ஷூவைப் பார்த்தது. சிரிப்பு போய்விட்டது. தடியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எட்டாவது கோடாவது என்று குறுக்கே மிதித்துக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள்.

"ஊனீட்டீங்களா?"

அவர் ஷூவையே பார்த்தார்.

"நல்லதுதானுங்கப்பா. அந்தப் பொண்ணு அதத்தான சொல்லுச்சு. ஊனலீன்னா உழுந்திருப்பீங்க. உழுகல பாருங்க, அது போதும் எனக்கு." அவள் தடியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க இஷ்டம் போல இங்கயே இருங்க. நா சாயங்காலம் கெளம்பறேன். அந்தப் பொண்ண மட்டும் வாரா வாரம் வரச் சொல்லீட்டுப் போறேன்."

பாஸ். அவள் கண்ணெதிரே கால் வெளியே கிடக்க, அதைப் பார்த்துக்கொண்டே, பாஸ். சர்வீசில் இப்படி இரண்டொரு பேர் இருந்தார்கள், பாவம் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள், அவர்கள் பாஸ் போட்டு அனுப்பினவன் எந்த ரோட்டில் எவன்மேல் ஏறினான் என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தது கிடையாது அவர். இடுப்பில் சாவி உறுத்தியது. வீட்டில் சாக்குப் போர்த்திய ஸ்கூட்டர் இருந்தது, பீரோ இருந்தது, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் கிடக்கிற அளவுக்குத் தரை இருந்தது. அவருக்கு அழுகை வந்தது, அதை அவர் கோபமாக மாற்றிக்கொண்டார். காலை மெதுவாக உள்ளே எடுத்து, இரண்டு காலையும் சேர்த்து நின்றார். கையை நீட்டி அந்தத் தடியை வாங்கினார்.

"பட்டா பட்டதுதான்," என்றார். "உனக்கெல்லாம் எவன் இன்ஸ்பெக்டர் உத்தியோகம் குடுத்தான்?"

"அப்பா..."

"உங்க ஊட்டுல அந்த லிப்டு இப்பவாச்சும் ஓடுதா, இல்ல அன்னிக்கு மாதிரி பேருக்குத்தான் நிக்குதா?"